பந்து மேனேஜருக்குப் பூக்கேட்ட கதை

முழங்கால் வலிக்காரர்களே, மாத்திரை டப்பாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிற என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். சின்னவர்களிடம் ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். உங்களுக்கு எழுந்திருக்கவே நேரமாகும் என்பதால் எனக்கு வசதி.

போன வாரம் என் மருமகன் டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தை உதைக்கிறவர்களை விட்டுவிட்டு, மைதானத்துக்கு வெளியே நின்று நகத்தைக் கடிக்கிற ஒரு மனிதரையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். யார் அது என்று கேட்டேன். டீம் மேனேஜராம். வரிசையாகத் தோற்றுக்கொண்டிருப்பதால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். சொல்லிவிட்டு மருமகன் முறுக்கைக் கடித்தார். எனக்கு மனசு எங்கேயோ போய்விட்டது. ஒரு ஃபுட்பால் மேனேஜரை அனுப்புவதா வேண்டாமா என்று எங்கள் ஊரே திண்டாடிய வருஷம் ஒன்று உண்டு. அதில் தீர்ப்புச் சொன்ன கை இந்தக் கைதான். அப்போது எனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ இருக்கும். இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால்.

சேலத்துக்கு மேற்கே, வெள்ளைக்கல் வெட்டுகிற ஒரு மொட்டைக் கரட்டின் அடிவாரத்தில் எங்கள் ஊர். கோடையில் கரட்டைப் பார்த்தால் கண் கூசும். கல்லின் தூள் காற்றோடு வந்து ஊர் முழுக்கப் படியும். எங்கள் ஊர்க் காக்கைகூட மாவு பூசிக்கொண்டுதான் பறக்கும். அப்பா கல் வெட்டுகிற குழியில் மேஸ்திரி. வேலை முடிந்து வரும்போது புருவம் வரைக்கும் நரைத்த கிழவராக வருவார். அம்மா அவர் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றியதும் பழையபடி வாலிபராகிவிடுவார். குழியில் அவர் வைத்ததுதான் சட்டம், கம்பெனி ஆபீசிலும் அவர் பேச்சுக்கு ஓரளவு மதிப்பு உண்டு. வீட்டில் மட்டும் அம்மா சொன்னதுதான்.

கல்லைச் சுடுவதற்குப் புதுச் சூளை கட்ட வேண்டும் என்று கம்பெனி எங்கிருந்தோ ஒருவரை வரவழைத்தது. சிவந்த முகம், காதைத் தொடுகிற மீசை, ஒரு காலை லேசாக இழுத்து நடப்பார். ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு கையில் வலைப்பையில் தோல் பந்து. வெள்ளைத் தோலாக இருந்ததால் நாங்கள் துரை என்று கூப்பிட்டோம். அவர் கையை ஆட்டி, துரை இல்லை, மேனேஜர் என்றார். குழியில் ஏற்கெனவே ஒரு மேனேஜர் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று இவரைப் பந்து மேனேஜர் என்று வைத்துக்கொண்டோம். சூளை கட்டின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் குழிப் பையன்களைக் கூட்டி வைத்துப் பந்து பழக்கினார். என் அண்ணனுக்குப் பதினேழு வயது, இடப்பக்கத்தில் ஓடுகிறவன். காற்று மாதிரி ஓடுவான். யாருக்கும் பந்தைத் தர மாட்டான்.

துரைமார் கிளப்பில் மேனேஜருக்கு நாற்காலி கிடையாது. தோல் ஒரே நிறமாக இருந்தாலும், கையில் சரியான நாட்டுக் காகிதம் இல்லாதவனை அவர்கள் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள் என்று எனக்கு ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். சொந்த ஜனமே சேர்க்கவில்லை என்றால் ஏதோ பெரிய பாவம் பண்ணிவிட்டு வந்த ஆள் என்று பேசிக்கொண்டார்கள். அவருடைய மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில். களியைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி மெல்லாமல் முழுங்க வந்த புதிதிலேயே பழகிவிட்டார். அவர் ஊரிலும் மக்காச்சோள மாவில் இப்படித்தான் கிளறுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு அவர் மேல் ஒரு பட்சம். பால் ஊற்றாத டீயில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கிற வழக்கம் அவருக்கு. எங்கள் கிணற்றோரத்து மரத்திலிருந்து அம்மாவே பறித்துக் கொடுப்பாள்.

பந்தை வீட்டுக்குள் விட மட்டும் அம்மா சம்மதிக்கவில்லை. மாட்டுத் தோல் அடுப்படிக்குப் பக்கத்தில் வரக்கூடாது. ஆகவே பந்து மாட்டுக் கொட்டகையில், உத்தரத்தில் தொங்கியது. அதற்கு விளக்கெண்ணெய் தேய்ப்பது என் வேலை. தையல் தையலாக எண்ணெயை இறக்கி, மேலே கட்டியிருக்கும் தோல் கயிற்றைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் ரப்பர் பையில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்க வேண்டும். எண்ணெயும் தோலும் சாணமும் கலந்த அந்த வாசனையை இப்போது யாராவது கொண்டுவந்து நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். மேனேஜர் என்னை அசிஸ்டென்ட் என்று கூப்பிடுவார். பதவி கிடைத்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவரிடம், இதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். இங்கிலீஷ் தெரிந்த ஆபீஸ் கிளார்க் நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வந்தார். மேனேஜர் வாசலில் கிடந்த வெள்ளைக்கற்களைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். முதல் கல் அவர் பிறந்த இடம். ஜார்ஜியா என்று ஒரு மலைநாடு, ரஷ்யாவுக்குக் கீழே. வீட்டுக்கு வீடு திராட்சைக் கொடி. இளம் வயதில் அங்கே பந்து விளையாடினார், முழங்கால் போனதும் மேனேஜரானார். அந்த நாடு சில வருஷம் தனக்கென்று கொடி வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது, அப்புறம் பெரிய பட்டாளம் வந்து விழுங்கிவிட்டது. அவர் கப்பலேறித் தப்பினார். அடுத்த கல் துருக்கியில் ஒரு துறைமுகம். அடுத்தது போலந்து. அப்புறம் பிரான்ஸ், அப்புறம் எங்கள் வாயில் நுழையாத இன்னும் இரண்டு ஊர்கள். எல்லா இடத்திலும் பகலில் கொத்து வேலை, சாயங்காலம் ஒரு டீமுக்கு மேனேஜர். டீம் நாலு தடவை தோற்றால் மேனேஜரை அனுப்பிவிடுவார்கள், அதுதான் இந்தத் தொழிலின் வழக்கம் என்றார். ஒவ்வொரு ஊராகச் சொல்லி ஒவ்வொரு கல்லாக விரலால் சுண்டிவிட்டார். எங்கள் ஊருக்கு வைத்த கல் மட்டும் மிச்சம் இருந்தது. அம்மா அவர் தட்டில் இன்னொரு உருண்டை களியை வைத்தாள்.

எங்கள் டீமும் தோற்றது. தோற்ற விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நம் பிள்ளைகளை எப்படி வளர்த்திருக்கிறோம்? யார் மேலாவது கால் பட்டால் உடனே குனிந்து, அவரைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஃபுட்பாலில் கால் படாமல் இருக்குமா? முதல் மேட்சில் எங்கள் பையன்கள் ஓடுவதும், உதைப்பதும், குனிந்து தொட்டுக் கும்பிடுவதுமாக இருந்தார்கள். சேலத்து டீமில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் விளையாடினார். அவர் முழங்காலில் அண்ணன் கால் இடித்துவிட்டது. வாத்தியாராயிற்றே என்று அண்ணன் இரண்டு கையாலும் தொட்டுக் கும்பிட்டு நிமிர்வதற்குள் பந்து எங்கள் கோலுக்குள் போய்விட்டது. மேனேஜர் கறுப்புக் கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று, இவர்களுக்கு என்ன வியாதி என்று கிளார்க்கிடம் கேட்டார். கிளார்க் விளக்கினார்.

திட்டப்போகிறார் என்று எல்லோரும் பயந்தோம். அவர் திட்டவில்லை. அடுத்த நாள் பையன்களை உட்கார வைத்து, இந்தப் பழக்கத்தை விட வேண்டாம், மொத்தமாகச் சேர்த்துவைத்துக் கடைசியில் செய்யுங்கள் என்றார். அதிலிருந்து கடைசி விசில் ஊதியதும் எங்கள் பையன்கள் வரிசையாகப் போய் எதிராளி ஒவ்வொருவரையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஜெயித்த டீம்காரர்கள் கூச்சத்தில் நெளிவார்கள். ஆனாலும் நாங்கள் தோற்றுக்கொண்டுதான் இருந்தோம்.

ஆயுத பூஜை அன்றைக்கு இன்னொரு கூத்து. அப்பா கடப்பாரை, சம்மட்டியோடு பந்தையும் வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். பூஜை போட்ட பொருளை மறுநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. சாயங்காலம் மேட்சுக்கு வந்த மேனேஜர் பொட்டு வைத்த பந்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மெதுவாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அன்றைக்கு ஆட்டம் இல்லாததால் தோல்வியும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வினை வந்தது. யார் எங்கே நிற்க வேண்டும், பந்தை யாருக்குத் தள்ள வேண்டும் என்று பையன்களுக்கு வாயால் சொல்லி மேனேஜருக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் மைதானத்தின் ஓரத்தில், மண்ணைச் சமன் பண்ணிச் சின்னதாக ஒரு மைதானம் வரைந்தார். எங்கள் ஆட்களுக்கு வெள்ளைக்கல். எதிராளிகளுக்கு என்ன வைப்பது என்று பார்த்தவர், பையிலிருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்து வைத்தார். காலையில் பையன்கள் வந்து பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுப் போனார். அந்த ஓரம் மூன்று தடம் சேருகிற இடம். முச்சந்தியில் எலுமிச்சம்பழம் கிடந்தால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாருக்கோ பீடை போகக் கழிப்புக் கழித்துப் போட்டிருக்கிறார்கள், தாண்டினவனை அந்தப் பீடை பிடித்துக்கொள்ளும்.

காலையில் குழிக்குப் போன பெண்கள் அதைப் பார்த்துவிட்டுச் சுற்று வழியில் போனார்கள். அண்ணன் மட்டும் பந்தைத் துரத்திக்கொண்டு போய் அதன் நடுவிலேயே மிதித்துவிட்டான். ஒரு பழம் நசுங்கியது. அடுத்த சில நாளில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. எழுந்து நிற்க முடியவில்லை. அவன் சும்மா படுத்து நான் பார்த்ததே இல்லை.

அம்மாவின் பட்சமெல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. தன் மரத்துப் பழத்தாலேயே தன் பிள்ளைக்கு அந்த ஆள் செய்வினை வைத்துவிட்டான் என்று வாசலில் நின்று அழுதாள். மேனேஜருக்குச் சாப்பாடு நின்றது. சொந்த ஜனமே சேர்க்காத ஆள் என்று முன்பே சொன்னவர்கள் இப்போது கூடி நின்று சொன்னார்கள். தோற்கிற டீமுக்கு மந்திரம் பண்ணி ஜெயிக்கப் பார்த்தான், அது நம் பையன் மேலேயே திரும்பிவிட்டது என்று ஆளுக்கொரு விளக்கம். மேனேஜர் அண்ணனைப் பார்க்க வந்தார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

சூளை வேலை அந்த மாதத்தோடு முடிந்திருந்தது. குழி ஆட்கள் பந்து விளையாட ஆசைப்படுகிறார்கள் என்று அப்பா சொன்னதால்தான் கம்பெனி அவரை வைத்திருந்தது. வேண்டாம் என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால் எங்கே போவார்? திரும்பிப் போக நாடு இல்லை. போன ஊர்களில் எல்லாம் துரத்திவிட்டார்கள். அவரிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் எங்கள் கொட்டகையில் தொங்கிய பந்தும்தான். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். இரண்டு நாள் இப்படியும் அப்படியும் யோசித்துப் பார்த்தார். கடைசியில், நாம் முடிவு பண்ண வேண்டாம், ஆத்தாளிடம் பூக்கேட்டுவிடலாம் என்றார்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும், பெண் கொடுப்பதானாலும் பூக்கேட்டுத்தான் செய்வார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். ஒரே மாதிரி இலையில் சுருட்டி, நாரால் கட்டி, பூசாரி மாரியம்மன் காலடியில் குலுக்கிப் போடுவார். கேட்க வேண்டியதைக் கேட்டதும் சின்னக் குழந்தை ஒன்று போய் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கேட்டதைச் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்கிற குழந்தையாகச் சின்னப் பெண்ணான என்னைப் பிடித்தார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் அண்ணன் படுக்கையிலிருந்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். உடம்பு கொதித்தது. காதோடு காதாகச் சொன்னான்:

"அம்முணி, வெள்ளையப் பாத்து எடுத்துப் போடு. அவரு போகக் கூடாது."

எனக்கும் அதுதான் ஆசை. வெள்ளை நல்லது, சிவப்பு கெட்டது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

கோயிலில் ஊரே கூடியிருந்தது. மேனேஜரும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, கிளார்க் சொல்லித் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே சுடுமண்ணில் வெறுங்காலோடு நின்றார். பூசாரி கற்பூரம் காட்டினார். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"ஆத்தா, இந்தப் பந்து மேனேஜர அனுப்பிச்சுப் போடலாமா? நீதான் சொல்லோணும்."

பூசாரி என் முதுகைத் தொட்டு, "போ சாமி" என்றார்.

இரண்டு பொட்டலமும் ஒன்றுபோலவே இருந்தன. எது வெள்ளையென்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளை வெள்ளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தேன். பூசாரி அதை என் கையில் வைத்தே நாரைப் பிரித்தார். செவ்வரளி.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். என் கையாலேயே அவரைத் துரத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வெளியே மேனேஜர் என் உள்ளங்கையில் இருந்த சிவப்பைப் பார்த்தார். சிவப்பு வந்தால் கெட்டது என்று அவருக்கும் கிளார்க் சொல்லியிருப்பார்போல. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். மேனேஜரைப் போகச் சொல்லி எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவள் அவள்தான். அன்றைக்குப் பேசாமல் இருந்திருந்தால் ஊரும் பேசாமல் கலைந்து போயிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சாமி சொன்னதை மறைக்க அம்மாவுக்கு மனசு வராது.

"ஏனுங்க, நீங்க என்ன கேட்டீங்க? அனுப்பிச்சுப் போடலாமான்னு தானுங்க கேட்டீங்க? செவப்பு வந்துருச்சு. ஆத்தா அனுப்ப வேண்டாங்கறா."

பூசாரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினார். அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் இறங்கினதை நான் பார்த்தேன். அவரைப் போல நிம்மதியான மனுஷனை அந்தக் கூட்டத்தில் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. அப்பா வேண்டுமென்றேதான் கேள்வியை அப்படி மாற்றிக் கேட்டார் என்று அண்ணன் கிழவனான பிறகும் சாதித்துக்கொண்டிருந்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெள்ளை வந்திருந்தால் அவர் போயிருப்பாரே, அதற்கும் சரிபாதி வாய்ப்பு இருந்ததே.

அம்மா அத்தோடு விடவில்லை. ஆத்தாளே அனுப்ப வேண்டாம் என்றால் இவர் மந்திரம் பண்ணவில்லை, அப்படியானால் பையன் காலுக்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது, வண்டியைக் கட்டுங்கள் என்றாள். அதுவரை வேப்பிலையும் விபூதியுமாக இருந்த நாங்கள் அன்றைக்கே அவனைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியில் அண்ணனின் வீங்கின காலை மேனேஜர் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். பள்ளம் வந்தபோதெல்லாம் அவர் அதை மேலே தூக்கிப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் கீறிப் பார்த்ததில் உள்ளங்காலில் வேலமுள் ஒன்று முறிந்து புதைந்து சீழ் கட்டியிருந்தது. எலுமிச்சம்பழத்தை மிதிப்பதற்கு முன்னாலேயே ஏறின முள். சொன்னால் மேனேஜர் ஆட விடமாட்டார் என்று பயல் மறைத்திருக்கிறான். அம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அங்கேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் கழித்து வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. வேப்பமரத்தடியில் அம்மா தண்ணீர் தெளித்துத் தட்டு வைத்து, மேனேஜரை உட்காரச் சொன்னாள். களியும் கீரைக் குழம்பும். அவர் களியைத் தொடவில்லை. அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கிளார்க் அங்கேதான் நின்றார், அவரைக் கூப்பிடவும் இல்லை. குழியில் பொறுக்கின தமிழிலேயே சொன்னார்:

"எல்லா ஊரும் அனுப்பிச்சான். ஒரு ஊரும் கேக்கலை. சாமிகிட்ட கேக்கலை, ஆள்கிட்ட கேக்கலை. இங்கே கேட்டான்."

அப்பாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"நாங்களும் கேட்டிருக்கக் கூடாதுங்க. சோறு ஆறுது, தின்னுங்க."

அவர் தின்றார். அப்பா மறுநாள் ஆபீசுக்குப் போய், பந்து மேனேஜர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். யுத்தமெல்லாம் முடிந்து, வேறொரு ஊரில் நல்ல டீம் கிடைத்து அவராகவே கிளம்பும் வரைக்கும் அவர் எங்கள் ஊரில்தான் இருந்தார். அத்தனை வருஷமும் நாங்கள் தோற்றுக்கொண்டேதான் இருந்தோம். அவரை அனுப்பலாமா என்று ஒருத்தரும் மறுபடி கேட்கவில்லை.